காற்று உண்டு, வழி இல்லை

தமிழ்ப் படங்களில் மாரடைப்பு வந்த அப்பாவை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தியதும் முதலில் அவர் முகத்துக்கு வருவது ஆக்சிஜன் முகமூடி. அது வந்துவிட்டால் வெளியே அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கும், பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் ஒரு தைரியம். நிஜ மருத்துவமனைகளிலும் நூறாண்டுக்கு மேல் இதே வழக்கம்தான் இருந்தது. கடும் நெஞ்சுவலி ஆக்சிஜனால் தணிந்ததாக 1900ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு குறிப்பு வந்திருக்கிறது. இதயத் தசை ஆக்சிஜன் கிடைக்காமல் சாகிறது, ஆகவே ஆக்சிஜனைக் கொடு. இவ்வளவு எளிய நியாயத்தைச் சோதிக்க வேண்டும் என்றே பலருக்குத் தோன்றவில்லை.

சோதித்தவர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. சுவீடனில் 35 மருத்துவமனைகள் சேர்ந்து, மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 6,629 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தன. எல்லோருக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தது. ஒரு பிரிவினருக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன், ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம். மற்றவர்கள் அறையின் காற்றையே சுவாசித்தார்கள். ஓராண்டில் முதல் பிரிவில் இறந்தவர்கள் 5.0 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 5.1 விழுக்காடு. 2017இல் இந்த முடிவு வெளியானது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 441 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இன்னும் கவலை தந்தது. தேவையில்லாமல் ஆக்சிஜன் பெற்றவர்களின் இதயத்தில் ஆறு மாதம் கழித்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது வடு பெரிதாக இருந்தது: 13 கிராமுக்குப் பதில் 20 கிராம். இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல், ரத்தத்தில் ஆக்சிஜன் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனவருக்கு மட்டும் முகமூடி என்கிறது.

ஆக்சிஜன் இல்லாமல் சாகும் தசைக்கு ஆக்சிஜன் ஏன் உதவவில்லை? இந்த அத்தியாயம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். நுரையீரல் நன்றாக இருப்பவர் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே அது நூற்றுக்கு 95க்கு மேல் நிரம்பிவிடுகிறது. 100 மில்லி ரத்தத்தில் சுமார் 20 மில்லி ஆக்சிஜன் இருக்கும். அதில் ஹீமோகுளோபினைப் பிடிக்காமல் நீரில் கரைந்து நிற்பது 0.3 மில்லி மட்டுமே. முகமூடி போட்டால் இந்தக் கரைந்த பங்குதான் சற்று ஏறும். ஓர் உவமை சொல்கிறேன். சிங்கப்பூரில் விடிவதற்கு முன்னால் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்கா சந்தைக்குக் காய்கறி லாரிகள் வருகின்றன. வழியில் சாலை அடைபட்டுவிட்டால், ஏற்கெனவே நிரம்பிய லாரியில் இன்னும் இரண்டு கூடை முருங்கைக்காயை ஏற்றுவதால் தேக்காவுக்கு எதுவும் வந்து சேராது. மாரடைப்பில் அடைபடுவது இதயத்துக்குப் போகும் சாலை. நுரையீரலில் சரக்குக்குக் குறைவில்லை. போதாக்குறைக்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் இதயத் தமனிகள் சற்றே சுருங்கவும் செய்கின்றன. மெல்பர்ன் முடிவுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இதயத்தின் சொந்தச் சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்தால் அடைப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் கொல்கிறது என்பது விளங்கும். சுமார் 300 கிராம் எடையுள்ள இந்தத் தசை நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தை உடலெங்கும் அனுப்புகிறது. அதில் தனக்கென எடுத்துக்கொள்வது கால் லிட்டர். உடலின் மற்ற பாகங்கள் தம்மிடம் வரும் ரத்தத்திலிருந்து கால் பங்கு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. வேலை கூடினால் அந்த மீதியிலிருந்து இன்னும் எடுத்துக்கொள்ளலாம். இதயத்துக்கு அந்தச் சேமிப்பு இல்லை. நாம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது தன் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் 70 முதல் 75 விழுக்காட்டை உறிஞ்சிவிடுகிறது. படியேறினால், ஓடினால், கோபப்பட்டால் அதற்கு மிஞ்சிய ஒரே வழி, தமனிகளை விரித்து ரத்த ஓட்டத்தை நான்கைந்து மடங்கு கூட்டுவதுதான். கையிருப்பும் சொற்பம். இதயச் செல்லில் உள்ள ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு, மறுபடி மறுபடி உண்டாக்கப்படாவிட்டால் சில நொடிகளில் தீர்ந்துவிடும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் இடது கீழறை, சுருங்கும் நேரத்தில் தன் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. அதனால் அதன் தசைக்குப் பெரும்பாலான ரத்தம் கிடைப்பது இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அது தளரும் வேளையில்தான். துடிப்பு வேகமானால் அந்த இடைவெளி குறுகும். அதாவது வேலை கூடும்போதே சாப்பாட்டு நேரமும் குறைகிறது. மாரடைப்புக்குப் பின் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுப்பதற்கும், நோயாளியைப் பதறவிடாமல் பார்த்துக்கொள்வதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது.

அடைப்பு விழுந்தால் என்ன நடக்கிறது என்பதை 1977இல் ரைமர், ஜென்னிங்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் இதயத்தில் நேரம் வைத்து அளந்தார்கள். தமனியை 40 நிமிடம் மட்டும் அடைத்துத் திறந்தால், ஆபத்தில் சிக்கிய தசையில் 38 விழுக்காடு செத்திருந்தது. மூன்று மணி நேரத்தில் 57, ஆறு மணி நேரத்தில் 71, ஒரு நாள் முழுவதும் மூடியே வைத்தால் 85 விழுக்காடு. சாவு இதயத்தின் உள்சுவரில் தொடங்கி வெளிப்புறமாகப் பரவியது. மனித இதயத்தின் கடிகாரம் இதே வேகத்தில் ஓடுவதில்லை. சிலருக்குப் பக்கத்துச் சிறு நாளங்கள் கொஞ்சம் ரத்தத்தைக் கொண்டுவந்து அவகாசம் வாங்கித் தரும். ஆனால் பாதை ஒன்றுதான். முதல் மணி நேரங்களில் காப்பாற்றப்படும் தசை அதிகம், பின்னால் குறைந்துகொண்டே போகும். இதய மருத்துவர்கள் நேரத்தைத் தசை என்றே பேசுவதன் பொருள் இந்த எண்களில் தெரிகிறது.

இது சிங்கப்பூரில் வாழும் நமக்குத் தூரத்துச் செய்தியாகப்படலாம். அப்படி இல்லை. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்ற உண்மையை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்ன ஆய்வுகளில் ஒன்று இந்த ஊரின் பிணக்கூறாய்வு அறையிலிருந்து வந்தது. டாக்டர் டி. ஜே. தனராஜும் சகாக்களும் 1950களின் முற்பகுதியில் சிங்கப்பூரில் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான பிணக்கூறாய்வுகளின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். சீனர்களோடு ஒப்பிட்டால் இந்தியர்களிடம் இதயத் தமனி நோய் பல மடங்கு அதிகமாக இருந்தது. 1959இல் அமெரிக்கன் ஹார்ட் ஜர்னலில் அதை வெளியிட்டார்கள். தனராஜ் பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானார். அந்தப் பதிவேடுகளில் இருந்தவர்களில் துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் நகராட்சி வேலையிலும் உழைத்த நம் முன்னோர் பலர் இருந்திருப்பார்கள். உடலுழைப்பு இருந்தால் நெஞ்சு நோய் அண்டாது என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படும் ஆறுதலை அந்தக் காலத்துப் பதிவேடே உலுக்கிவிட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து கென்னத் ஹியூஸ் என்ற ஆய்வாளர் சிங்கப்பூரின் இறப்புப் பதிவுகளை வைத்து மறுபடி கணக்கிட்டார். 1980 முதல் 1984 வரையான காலத்தில், இதயத் தமனி நோயால் இந்தியர்கள் இறக்கும் விகிதம் சீனர்களைவிட ஆண்களிலும் பெண்களிலும் மூன்று மடங்குக்கும் மேல். இளவயதில் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல். நீரிழிவு, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, நல்ல கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பது, பிறப்பிலேயே சிலருக்கு உயர்ந்திருக்கும் லிப்போபுரோட்டீன் (ஏ) என்று காரணங்கள் பல. ஊர் மாறி, உணவு மாறி, தலைமுறை மாறியும் இந்தச் சுமை இறங்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டாத ஒருவரின் இறப்புச் செய்திக்கு அடியில் ‘மாரடைப்பு’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தனராஜின் பதிவேடுகள் நினைவுக்கு வருகின்றன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நமக்குத் தெரிந்த விஷயம் இது. தெரிந்தும் நம் குடும்பங்களில் நெஞ்சுவலி என்றால் ‘வாயுவாக இருக்கும்’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சாலையைத் திறப்பது எப்படி? 1977 செப்டம்பரில் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயத் தமனிக்குள் மெல்லிய குழாயின் நுனியில் இருந்த பலூனை ஊதி அடைப்பை விரித்தார். அதற்கு முன் இப்படிப்பட்ட அடைப்புக்கு மார்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. இன்று அதோடு ஸ்டென்ட் என்ற கம்பிவலையும் சேர்ந்து வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸிலேயே ஈசிஜி எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரிய தமனி முழுதாக அடைபட்டதற்கான அடையாளம் அதில் தெரிந்தால், நோயாளி வந்து சேர்வதற்குள் ஆஞ்சியோ அறைக் குழு தயாராகத் தொடங்கும். வாசலில் நுழைந்ததிலிருந்து பலூன் விரியும்வரை 90 நிமிடத்துக்குள் என்பது உலகெங்கும் வைத்துக்கொண்ட இலக்கு. லிட்டில் இந்தியாவிலிருந்து தேசிய இதய நிலையம் இருக்கும் அவுட்ரம் பார்க்குக்கு வடகிழக்கு ரயிலில் நான்கு நிறுத்தம்தான். டான் டோக் செங் மருத்துவமனை இன்னும் பக்கம். இவ்வளவு அருகில் இருந்தும் தசையை இழப்பவர்கள், பெரும்பாலும் மருத்துவமனைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் கழித்த நேரத்தில்தான் இழக்கிறார்கள்.

அடைப்பு திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் ஒருகாலத்தில் நினைத்தார்கள். இங்கேதான் ஆக்சிஜனின் இன்னொரு முகம் வெளிப்படுகிறது. பட்டினி கிடந்த தசைக்குள் ரத்தம் திடீரென்று திரும்பும்போது, அந்த ஆக்சிஜனே ஒரு பகுதிச் செல்களைக் கொல்கிறது. இதை ஜென்னிங்ஸ் 1960இலேயே கவனித்திருந்தார். இதன் வேதியியல் 2014இல்தான் தெளிவாகத் துலங்கியது. அடைப்பின்போது, செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் குவிந்துகொண்டே போகிறது. ஆக்சிஜன் திரும்பியதும் அந்தக் குவியல் கட்டுப்பாடில்லாமல் எரிந்து, தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது. அவை மைட்டோகாண்ட்ரியாவின் சுவரையே ஓட்டை போடுகின்றன. முதல் சில நிமிடங்களிலேயே இது நடந்து முடிந்துவிடும். காப்பாற்ற வந்த ஆக்சிஜனின் கையால் நேரும் இந்தச் சேதத்தைக் குறைப்பதுதான் இதய ஆராய்ச்சியின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. அந்த வேலையின் ஒரு முக்கியமான மையம் இன்று சிங்கப்பூரில் இருக்கிறது.

டெரெக் ஹாஸன்லாய் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜிலிருந்து வந்து டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியிலும் தேசிய இதய நிலையத்திலும் பணிபுரிபவர். அவர் பல்லாண்டு துரத்திய யோசனையின் வேர் 1986இல் இருக்கிறது. தமனியை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, அப்புறம் 40 நிமிடம் அடைத்தால், நாயின் இதயத்தில் சாகும் தசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. சிறிய பட்டினியைப் பழகிய தசை பெரிய பட்டினியைத் தாங்கியது. இதைவிட வியப்பு, அந்தச் சிறிய பட்டினியைக் கையிலோ காலிலோ உண்டாக்கினாலும் இதயத்துக்குப் பலன் கிடைத்ததுதான். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கி ஐந்து நிமிடம் தளர்த்தி, நான்கு முறை. மருந்தில்லை, செலவில்லை. டென்மார்க்கில் ஆம்புலன்ஸில் வைத்தே இதைச் செய்தபோது காப்பாற்றப்பட்ட தசை கூடியது என்று 2010இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. உலகம் முழுக்க நம்பிக்கை பிறந்தது.

நம்பிக்கையை நம்பிக்கையாகவே விட்டுவிடாமல் ஹாஸன்லாயும் டென்மார்க் குழுவினரும் பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா ஆகிய நான்கு நாடுகளில் 5,401 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019இல் முடிவு வந்தது. ஓராண்டுக்குள் இதய நோயால் இறந்தவர்கள், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருவரையும் கூட்டினால், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 8.6 விழுக்காடு, பட்டை கட்டப்பட்டவர்களில் 9.4 விழுக்காடு. பலன் இல்லை. தன் சொந்த யோசனையை இவ்வளவு பெரிய சோதனைக்கு உட்படுத்தி, முடிவு எதிராக வந்தபோது அதை அப்படியே வெளியிடுவது அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் செயல். விலங்கில் பலித்தது மனிதரில் ஏன் பலிக்கவில்லை? விரைவான ஸ்டென்ட், நவீன ரத்தம் உறையா மருந்துகள் என்று எல்லாம் கிடைத்துவிட்ட நோயாளியிடம் மேற்கொண்டு காப்பாற்ற மிச்சமிருப்பது குறைவு என்பது ஒரு விளக்கம். ஆய்வகத்து இளம் விலங்குக்கு நீரிழிவு இல்லை, வயதில்லை, அன்றாட மாத்திரைகள் இல்லை என்பது இன்னொன்று. ஒரே கருவியால் முடியாது, பல இலக்குகளை ஒருசேரத் தாக்க வேண்டும் என்று ஹாஸன்லாய் குழுவினர் இப்போது வாதிடுகிறார்கள்.

வேறொரு குழு நேர்மாறான பாதையில் போனது. அமெரிக்காவில் உருவான ஒரு முறையில், ஸ்டென்ட் வைத்தபின் நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, ஆக்சிஜன் மிதமிஞ்சிக் கரைந்த உப்புநீரோடு கலந்து, இடது இதயத் தமனிக்குள்ளேயே ஒரு மணி நேரம் செலுத்துகிறார்கள். அந்த ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 760 முதல் 1,000 மில்லிமீட்டர் பாதரசம்வரை இருக்கும். சாதாரணத் தமனி ரத்தத்தில் அது நூறுக்கும் கீழ். முகமூடியால் பலனில்லை என்று சொல்லிவிட்டு இது மட்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்பீர்கள். வித்தியாசம் இடத்திலும் நேரத்திலும் இருக்கிறது. பெரிய தமனி திறந்த பிறகும் அதற்கு அப்பால் உள்ள நுண்குழாய்கள் வீங்கிப்போய் மூடிக்கிடக்கின்றன. ஹீமோகுளோபினைச் சுமக்கும் சிவப்பணு நுழைய முடியாத அந்த இடுக்குகளிலும் நீரில் கரைந்த ஆக்சிஜன் ஊடுருவும். அது வீக்கத்தை வடியச் செய்து நுண்குழாய்களைத் திறக்கிறது என்பதே இவர்கள் தரும் விளக்கம். 301 பேரிடம் நடந்த ஆய்வில் இடது கீழறையில் சேதமான பகுதி நடுமதிப்பில் 26.5 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைந்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. ஆனால் இதயத்தின் முன்சுவரைத் தாக்கும் மாரடைப்புக்கு மட்டும், அதுவும் ஆறு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும். உயிர் காக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல ஆயிரக்கணக்கானவர்களிடம் நடக்கும் சோதனை தேவை. கைப்பட்டையின் கதையைப் பார்த்த பிறகு, அது வரும்வரை நான் பொறுமையாக இருப்பேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சாகும் தசையைக் காப்பாற்றுவது பற்றி. செத்துப்போன தசை திரும்ப வளருமா? இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு, எழுபத்தைந்தில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. மனித இதயச் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகம் இவ்வளவுதான் என்று 2009இல் கணக்கிட்டார்கள். பிறந்த எலிக்குஞ்சின் இதய நுனியை வெட்டினால் மூன்று வாரத்தில் வளர்ந்துவிடுகிறது. ஏழு நாள் ஆகிவிட்டால் வளர்வதில்லை. அந்த ஏழு நாளில் என்ன மாறுகிறது என்று தேடிய டெக்சஸ் ஆய்வாளர் ஹெஷாம் சடெக், குற்றவாளியாகச் சுட்டியது ஆக்சிஜனை. கருப்பையில் ஆக்சிஜன் குறைவு. பிறந்து மூச்சுவிடத் தொடங்கியதும் இதயச் செல்கள் ஆக்சிஜனில் குளிக்கின்றன. அதிலிருந்து பிறக்கும் தீவிர மூலக்கூறுகள் டிஎன்ஏவைக் காயப்படுத்த, செல் இனிப் பிரிய மாட்டேன் என்று நின்றுவிடுகிறது. 2017இல் அவர் குழு, மாரடைப்பு உண்டாக்கப்பட்ட வளர்ந்த எலிகளை ஒரு வாரம் கழித்து, மெல்ல மெல்ல 7 விழுக்காடு ஆக்சிஜன் மட்டுமே உள்ள காற்றுக்குப் பழக்கி, இரண்டு வாரம் அங்கே வைத்தது. எவரெஸ்ட் உச்சிக்கு இணையான காற்று அது. இதயச் செல்கள் மறுபடி பிரிந்தன, வடு சுருங்கியது. இதைப் படித்து எவரும் தானாக எதையும் முயலக் கூடாது. மாரடைப்பு வந்த மனிதரை அந்தக் காற்றில் வைத்தால் சாகக்கூடும். ஆனால் ஆக்சிஜன் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற நேர்கோட்டுச் சிந்தனையை இந்த எலிகள் முறித்துப்போட்டுவிட்டன.

சிங்கப்பூர் ஆய்வகங்கள் வேறு இரண்டு வாசல்களைத் தட்டுகின்றன. வடு உண்டாவதில் இன்டர்லூக்கின்-11 என்ற புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று தேசிய இதய நிலையத்திலும் டியூக்-என்யுஎஸ்ஸிலும் ஸ்டூவர்ட் குக்கின் குழு 2017இல் கண்டது. அதைத் தடுத்தால் எலிகளில் வடு குறைகிறது. லின் யாப்பும் சகாக்களும் குருத்தணுக்களிலிருந்து வளர்த்த இதய முன்னோடிச் செல்களைப் பன்றிகளின் காயப்பட்ட இதயத்தில் செலுத்தி, தசை முளைப்பதை 2023இல் காட்டினார்கள். புதுத்தசை முளைத்தால் அதற்கும் ரத்தக் குழாய் வேண்டும். கடைசியில் எல்லாம் வழிப் பிரச்சினையில்தான் வந்து நிற்கிறது.

ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தால், ஆக்சிஜனைக் கொண்டு சேர்ப்பதில் எளிதில் சரிசெய்யக்கூடிய ஓட்டை ஒன்று நம்மவர்களிடம் இருக்கிறது. இரும்புச்சத்து. ஹீமோகுளோபினின் நடுவில் இருப்பது இரும்பு. செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியா நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். சிங்கப்பூரில் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில் பத்துக்கு ஆறு பேருக்கு இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தது. பெண்களிடமும் இந்திய வம்சாவளியினரிடமும் அது இன்னும் அதிகம். ரத்தசோகை இல்லாமலேயே இந்தக் குறைபாடு இருக்கலாம், ஆகவே ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தே தாரிக், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இரும்பு மாத்திரை பெரிய பலன் தரவில்லை என்று 2017இல் ஒரு சோதனை காட்டியது. நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு பலருக்கு மூச்சு வாங்குவதைக் குறைக்கிறது. எனவே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொள்வதற்குப் பதில், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள்.

ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்கிய மாரடைப்பு நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்றினால் நல்லதா என்று 3,504 பேரிடம் சோதித்த ஆய்வு 2023இல் வந்தது. தாராளமாக ஏற்றியவர்களில் 14.5 விழுக்காட்டினர் 30 நாளுக்குள் இறந்தார்கள் அல்லது மறுபடி மாரடைப்புக்கு ஆளானார்கள். சிக்கனமாக ஏற்றியவர்களில் 16.9. வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற எல்லைக்குள் இருப்பதால் மருத்துவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

புகைப்பவருக்கு விவாதமே வேண்டாம். சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஸ்டென்ட் வைத்த வாரத்திலேயே மின்தூக்கி அருகே நின்று புகைப்பவர், திறந்துவிட்ட வழியில் வெறுஞ்சுமையை ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. நிறுத்த உதவி வேண்டும் என்று அவர் கேட்டால் மருந்தும் ஆலோசனையும் கிடைக்கும்.

மாரடைப்புக்குப் பின் ஓய்வெடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் கட்டிலிலேயே வைத்திருப்பதும் நம் வீடுகளில் அன்பின் பெயரால் நடக்கிறது. மேற்பார்வையோடு செய்யும் நடை, மிதிவண்டிப் பயிற்சி ஆகியவை கைகால் தசைகளை ரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜன் எடுக்கப் பழக்குகின்றன. அதனால் அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும். துடிப்பு மெதுவானால் இடைவேளை நீளும், இதயத் தசை சாப்பிட நேரம் கிடைக்கும். மருத்துவமனைகளிலும் சிங்கப்பூர் இதய அறநிறுவனத்திலும் இதற்கான மறுவாழ்வுத் திட்டங்கள் இருக்கின்றன. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேட்டுச் சேருங்கள்.

இதயம் நின்றே போனவருக்கும் இந்த அத்தியாயத்தின் கணக்குப் பொருந்தும். பெரியவர் ஒருவர் திடீரென்று சுருண்டு விழுந்த முதல் சில நிமிடங்களில் அவர் ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது. அதை நகர்த்த ஆள் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் வாயில் ஊதத் தெரியாவிட்டாலும் மார்பின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து, ஐந்து செண்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது உயிர் காக்கிறது. இடையில் நிறுத்தினால் இதயத் தமனிகளுக்குள் சிரமப்பட்டுச் சேர்த்த அழுத்தம் உடனே விழுந்துவிடும், ஆகவே நிறுத்தாதீர்கள். சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை 2015இல் தொடங்கிய மைரெஸ்பாண்டர் செயலி, அருகில் யாருக்காவது இதயம் நின்றால் உங்கள் கைப்பேசிக்குத் தகவல் தரும். பல வீவக புளோக்குகளின் மின்தூக்கித் தளத்தில் ஏஇடி என்ற மின்னதிர்வுக் கருவி மாட்டப்பட்டிருக்கிறது. உங்கள் புளோக்கில் அது எங்கே இருக்கிறது என்று இன்று இறங்கும்போது பார்த்து வையுங்கள்.

நெஞ்சை அடைப்பது, பிசைவது, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவோ மேல்வயிற்று எரிச்சலாகவோகூட வரலாம். இவற்றில் எது வந்தாலும் 995ஐ அழையுங்கள். டாக்ஸி பிடிக்காதீர்கள், நீங்களே காரை ஓட்டாதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸில் ஈசிஜி கருவியும் மருந்தும் மின்னதிர்வும் இருக்கின்றன, டாக்ஸியில் இல்லை. கட்டணத்துக்குப் பயந்து தங்கும் விடுதியில் வலியை விழுங்கிக்கொண்டு படுத்திருக்கும் ஊழியரிடம் இதைச் சொல்லுங்கள்: உயிருக்கு ஆபத்தான நிலையில் 995 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது.